கொக்குக்கு யார் சொந்தம்?

கேள்வி: கொக்கு, செங்கால் நாரை, சாரஸ் கொக்கு மூன்றுக்குமே நீண்ட கால், நீண்ட கழுத்து. ஒரே குடும்பம்தானே?

பதில்: இல்லை. ஆனால் உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே அப்படித்தான் நினைத்தார். 1758-இல் இவை எல்லாவற்றையும் ‘ஆர்டியா’ என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) சேர்த்தார். இன்று கொக்கு கூழைக்கடாவின் வரிசையில் (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய தொகுப்பில்) இருக்கிறது. நாரைக்குத் தனி வரிசை. சாரஸின் வரிசையில் அதற்குச் சொந்தம் யார் தெரியுமா? புதருக்குள் ஓடி ஒளியும் கானாங்கோழியும் நாமக்கோழியும்! நீரில் இறங்கி இரை தேடும் பறவைக்கு நெட்டைக்கால் உதவும். அதனால் வெவ்வேறு வம்சங்களில் அது தனித்தனியாக வளர்ந்திருக்கிறது. உயரத்தை வைத்து உறவு சொல்ல முடியாது.

இவற்றைப் பிரித்தறிய நான் முதலில் கவனிப்பது பின்விரலைத்தான். சாரஸுக்கு அது சிறியது, தரையில் படாமல் மேலே நிற்கும். அதை வைத்துக் கிளையைப் பற்ற முடியாது. அப்புறம் குஞ்சுகள். சாரஸ் குஞ்சு பொரித்த ஓரிரு நாளில் பெற்றோரோடு நடந்து போய்விடும். கொக்குக் குஞ்சோ கூட்டிலேயே கிடந்து, தாய் தகப்பன் ஊட்டினால்தான் பிழைக்கும். பறக்கும்போது பாருங்கள்: கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், சாரஸ் நீட்டிக்கொண்டே போகும்.

சாரஸின் குடும்பத்தில் மொத்தம் 15 இனங்கள். ஆப்பிரிக்காவின் கொண்டைக்காரர்கள் இருவர் மட்டும் தனிக் கிளை. அவர்களுக்குப் பின்விரல் நீளம், மரத்தில் அடைவார்கள். எனக்கு மிகவும் பிடித்த இருவர் இவர்கள்தான். அந்தக் குடும்பத்தின் பழைய உருவத்தை இவர்களிடம்தான் பார்க்கலாம்.

கானமயிலையும் முன்பு சாரஸின் வரிசையில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அதைத் தனி வரிசைக்கு அனுப்பிவிட்டன.

கேள்வி: பழைய நூலில் சாரஸின் பெயர் ‘கிரஸ் அன்டிகோன்’, புதியதில் ‘அன்டிகோன் அன்டிகோன்’. எது சரி?

பதில்: புதியதையே எழுதுங்கள். 2010-இல் வந்த மரபணு ஆய்வு, ‘கிரஸ்’ என்று ஒன்றாக வைத்திருந்த பறவைகள் உண்மையில் ஒரே கிளையில் வரவில்லை என்று காட்டியது. அதன்பின் சாரஸும் அதற்கு நெருங்கிய மூன்று இனங்களும் ‘அன்டிகோன்’ பேரினத்துக்கு மாறின. பெயரில் கொக்கு இருந்தாலும் சாரஸின் குடும்பத்தைச் சேர்ந்த சைபீரியக் கொக்குக்குத் தனிப் பேரினம் கிடைத்தது. பழைய கட்டுரைகளைத் தேடும்போது மட்டும் ‘கிரஸ்’ என்றும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி கிடைக்காது.