பப்ஜியும் கழுவாத கோப்பையும்

கேள்வி: என் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். இரவு ஒரு மணி வரை கைபேசியில் பப்ஜி. கண்டித்தால், "இதற்கும் திறமை வேண்டும் அம்மா" என்கிறான். "வேலைவெட்டி இல்லாதவனுக்கு எல்லாமே திறமைதான்" என்கிறார் என் அண்ணன். அவன் தங்கை ரியூஷனுக்கும் போய்க்கொண்டு அடுப்படியிலும் எனக்குக் கூடமாட நிற்கிறாள். இவன் சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவுவதில்லை. யார் சொல்வது சரி?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: திறமை வேண்டும் என்று உங்கள் மகன் சொல்வது சரி, அம்மா. நேரமும் வேண்டும்தான். அந்த நேரத்தை உங்கள் அண்ணன் ஒரு குற்றமாக எடுத்து வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நேரத்தைத் தின்னாமல் வளர்ந்த திறமை ஒன்றை அவர் காட்டட்டும்.

நம் ஊர்க் கூத்தையே எடுங்கள். ஆடுகிறவர்களுக்குப் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகினார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் பிசகியவன் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினான். விடிந்தால் அவனுக்கு வயல் வேலை காத்திருந்தது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று முணுமுணுத்த பெரியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். இன்று கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அதே கூத்தைப் பாடமாகப் பயில்கிறார்கள்.

சென்ற மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் பப்ஜி விளையாடுவதை அரை மணிநேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நூறு பேர் வரை ஒரு தீவில் குதிக்கிறார்கள், வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசிவரை நிற்பவர் வெல்கிறார். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். அவன் விரல்களை அன்றுதான் பார்த்தேன். பெருவிரல்கள் இரண்டும் கீழே. சுட்டுவிரல்கள் இரண்டும் நண்டுக்கால் போல வளைந்து திரையின் மேல் மூலைகளில். ஒன்று ஓடுகிறது, ஒன்று பார்வையைத் திருப்புகிறது, ஒன்று குறிபார்க்கிறது, ஒன்று சுடுகிறது. சுடச்சுடத் துப்பாக்கி மேலே எகிறும். எகிறுகிற அளவுக்கு விரலைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு விதமாக எகிறும் என்று விளையாடிக்கொண்டே சொன்னான். திடீரென்று, "பின்னால், படிக்கட்டில்" என்று கூட்டாளியை எச்சரித்தான். திரையில் ஒருவரும் இல்லை. ஹெட்போனில் அவனுக்குக் காலடிச் சத்தம் கேட்டிருக்கிறது. அவனைவிட அதிக நேரம் விளையாடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவனை வெல்ல அவர்களால் முடிவதில்லை. உங்கள் அண்ணனின் கணக்கு இந்த இடத்தில்தான் உதைக்கிறது.

இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரிசை நிரப்புகிற டெட்ரிஸை நின்டெண்டோ தன் கருவிக்காக 1989இல் வெளியிட்டது. 29ஆவது கட்டத்தில் கட்டைகள் விழும் வேகத்துக்கு விரல் ஈடுகொடுக்காது, அதற்கு மேல் மனிதரால் போக முடியாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிறகு விளையாடுகிறவர்களே புதிய விரல்முறைகளைக் கண்டுபிடித்தார்கள். பெருவிரலைப் பொத்தானின் மேல் சும்மா வைத்துக்கொண்டு, மறுகை விரல்களால் கருவியின் முதுகை வரிசையாகத் தட்டுவது அவற்றில் ஒன்று. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் 157ஆவது கட்டம் வரை போனான். அங்கே அதற்கு மேல் ஓட முடியாமல் விளையாட்டே அசையாமல் நின்றுவிட்டது. அதற்கு முன் எந்த மனிதரும் அதைச் செய்ததில்லை. அதே மாதம் இறந்துபோன தன் தந்தைக்கு அவன் அந்த வெற்றியைக் காணிக்கையாக்கினான். இந்தச் செய்தியைச் சொன்ன பிரித்தானியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், ஒரு தாயாகச் சொல்கிறேன், திரையை விட்டு வெளியே போய்க் காற்று வாங்கட்டும், டெட்ரிஸை வெல்வது ஒரு வாழ்க்கை இலட்சியமாகாது என்ற பொருள்படப் பேசினார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 34 ஆண்டுகளாக உலகெங்கும் ஓய்வு நேரத்தில் அந்த விளையாட்டைத் தொட்டவர்கள் எத்தனை பேர்! முதலில் முடிந்தது அவனால்தானே?

ஹாங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பப்ஜியின் ஒரு வடிவமும் அதில் இருந்தது. அதை நான் சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. நம் பக்கத்தில் தேங்காயோடு தேங்காயை மோதி உடைக்கிற போர்த்தேங்காய் அடிக்கிறவர் காய் தெரிந்தெடுக்கும் நுட்பத்துக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்?

உங்கள் மகனின் ஓய்வு நேரம் அவன் தேடிக்கொண்டதும் அல்ல. பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கு இன்னும் எத்தனையோ மாதங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையை இவ்வளவு காலம் சும்மா இருத்திவைத்துவிட்டு, சும்மா இருக்கிறான் என்று ஏசுவது நியாயமில்லை.

ஆனாலும் இரவு ஒரு மணி என்பதை நீங்கள் கவனிக்கத்தான் வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையும் இடம்பெற்றிருக்கிறது. இத்தனை மணிநேரம் விளையாடினால் நோய் என்று அதில் எந்த அளவும் இல்லை. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாகிவிடுவது, கெடுதல் வருகிறது என்று கண்டும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது: இவற்றைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நண்பர்களோடு கடற்கரைக்குப் போகிறானா, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, கூப்பிட்டால் எழுந்து வருகிறானா என்று பாருங்கள். வருகிறான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் போகிற போக்கில் மகளைப் பற்றி எழுதியதைத்தான் நான் பலமுறை வாசித்தேன். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்கு நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. மற்றவளுக்குப் படிப்பு முடிந்தால் அடுப்படி. மகனின் ஓய்வில் ஒரு பங்கு மகளின் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது, அம்மா. அதை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள்தான். மகன் எதை விளையாடுகிறான் என்று அண்ணனோடு வழக்காடுவதற்கு முன் இதைத் தீருங்கள். நான்கு விரலுக்கு நான்கு வேலை கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கோப்பை கழுவவும் தேங்காய் துருவவும் வராதா?

இன்றிரவே சாப்பாட்டுக்குப் பின் அடுப்படியை அவனிடம் ஒப்படையுங்கள். முடித்துவிட்டு அவன் விளையாடட்டும்; நீங்களும் பக்கத்தில் இருந்து ஒரு ஆட்டம் பாருங்கள், என்ன செய்கிறான் என்று கேளுங்கள், சொல்லித் தருவான். அடுப்படியிலிருந்து மிஞ்சுகிற நேரத்தை என்ன செய்வது என்று மகள் முடிவு செய்யட்டும். அவளும் பப்ஜிதான் விளையாடப் போகிறேன் என்றால் மறுக்காதீர்கள்.