ஏர் சஸ்பென்ஷன் தாழ்ந்துவிட்டால் எதை மாற்றுவது, எதை வாங்குவது?

கேள்வி: என்னிடம் ஏர் சஸ்பென்ஷன் (காற்று நிரப்பிய ஸ்பிரிங்குகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள 2011-ஆம் ஆண்டு மாடல் ஐரோப்பிய எஸ்யூவி ஒன்று இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் பின்பக்க இடது மூலை தாழ்ந்து கிடக்கிறது. ஸ்டார்ட் செய்து சிறிது நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் நான்கு ஏர் ஸ்பிரிங்கும் கம்ப்ரஸரும் மாற்ற 4,60,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் ஒரு ஸ்பிரிங் 14,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆம்னி பஸ் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், பலூனுக்கு, அதாவது ஏர் ஸ்பிரிங்குக்கு, பேட்ச் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர் சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிடச் சொல்கிறார். நான் எதைச் செய்வது?
— வாசகர், மேலூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே ஒரு மூலை மட்டும் தாழ்கிறது என்பதால், அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங்கிலோ அதற்குச் செல்லும் காற்றுக் குழாயின் இணைப்பிலோ கசிவு இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் செய்ததும் நிமிர்கிறது என்பதால் கம்ப்ரஸர் இன்னும் வேலை செய்கிறது. ஆகவே, நான்கு ஸ்பிரிங்கையும் கம்ப்ரஸரையும் ஒருசேர மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம், எந்தச் சோதனையை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஏர் ஸ்பிரிங் என்பது உள்ளே இழை வலை வைத்து வார்த்த ரப்பர் உறை. அது கீழேயுள்ள பிஸ்டன் மீது மடிந்து, வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் உருளுகிறது. பத்தாண்டைக் கடந்த ரப்பர் அந்த மடிப்பில்தான் முதலில் வெடிப்பு விடும். உங்கள் பகுதியின் வெயிலும் சாலைத் தூளும் அதை இன்னும் விரைவுபடுத்தும். சோதனை எளிது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வண்டியைத் திறப்பதற்கு முன் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் மேலே சொன்ன காரணம். ஓர் அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால், ஸ்பிரிங்குகளுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக்கையும் சந்தேகிக்க வேண்டும். பிறகு வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றச் செய்து, சோப்புத் தண்ணீரை மடிப்பிலும் இணைப்பிலும் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை கட்டும். லிஃப்டில் ஏற்றி உங்கள் கண்ணெதிரே இதைச் செய்துகாட்டாத வொர்க்‌ஷாப்பில் பணம் கட்டாதீர்கள்.

அதற்காக, இன்னும் ஓடுகிறதே என்று தள்ளிப்போடவும் கூடாது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறி, பிஸ்டன் வளையம் தேய்ந்து போகும். அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், நிறுத்திய பின்னும் ஓடி கம்ப்ரஸரையே எரித்துவிடும். ஸ்பிரிங்கில் தொடங்கும் செலவு கம்ப்ரஸர் வரை போவது இந்த வழியில்தான். ஸ்பிரிங் மாற்றும்போதே ரிலேயையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரின் நிலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்ச் வேண்டவே வேண்டாம். ஆம்னி பஸ்களில் இருப்பதும் ஏர் சஸ்பென்ஷன்தான், அந்த மெக்கானிக்குக்கு அதில் நல்ல அனுபவமும் இருக்கலாம். ஆனால் பஸ்ஸில் பெல்லோ (ரப்பர் உறை) கிழிந்தாலும் பேட்ச் போடுவதில்லை, மாற்றத்தான் செய்வார்கள். மேலும் அங்கே எஞ்சினால் இயங்கும் கம்ப்ரஸரும் நெம்புகோல் வால்வும் உயரத்தைப் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் வண்டியிலோ மின்சார கம்ப்ரஸர், உயர சென்சார், கம்ப்யூட்டர் என்று எல்லாமே வேறு. கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு வளைவில் பேட்ச் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.

காயில் ஸ்பிரிங்குக்கு மாறுவதை நான் முற்றாக மறுக்கமாட்டேன். வண்டியின் இன்றைய விற்பனை மதிப்பே பழுதுச் செலவை ஒட்டி வந்துவிட்டது, கம்ப்ரஸரும் வால்வ் பிளாக்கும் சேர்ந்து போய்விட்டன என்றால் அது பொருந்தும். உங்கள் நிலை அதுவல்ல. மாறினால் உயரம் கூட்டிக் குறைக்கும் வசதி போகும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு நிலைத்துவிடலாம், மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் பின்னாளில் கிளெய்மில் வாதம் எழலாம்.

ஆக, என் பரிந்துரை: பின்பக்கம் இரண்டையும் மாற்றுங்கள். வலது பக்கத்து ஸ்பிரிங்குக்கும் அதே வயதுதான். ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் இன்னொரு கூலி கொடுக்க நேரும். முன்பக்கத்தில் பெரும்பாலான எஸ்யூவிகளில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே உறுப்பாக இருப்பதால் விலை மிக அதிகம். கசியாதவரை அதைத் தொடாதீர்கள். வாங்கும்போது வண்டிக் கம்பெனியின் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. கான்டினென்டல், வைப்ராகூஸ்டிக், பில்ஸ்டீன் போன்ற தயாரிப்பாளர்கள் வண்டிக் கம்பெனிகளுக்கே பாகங்கள் கொடுப்பவர்கள். அவர்கள் பெயரிலேயே வரும் உருப்படி பெரும்பாலும் விலை குறைவு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரை உறுதி செய்துகொண்டு, பெட்டியில் இறக்குமதியாளரின் முகவரியும் தயாரித்த நாடும் எம்.ஆர்.பி.யும் இருக்கிறதா, ரப்பர் எப்போது தயாரானது என்று பாருங்கள். பெயர் தெரியாத 14,000 ரூபாய்ச் சரக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை; பொருத்தும் கூலி எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்பதால், மலிவுச் சரக்கு ஒருமுறை கைவிட்டாலே லாபம் கரைந்துவிடும்.

பில்லில் ஒரு சிறு விஷயம். வாகன உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், உங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் 28 சதவீதம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இன்சூரன்ஸிலிருந்து இதற்கு எதுவும் வராது, தேய்மானம் பாலிசியில் அடங்காது.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். காற்று நிரப்பாத புதிய ஸ்பிரிங் மீது வண்டியை இறக்கினால் மடிப்பு நசுங்கி அன்றே கெட்டுவிடும். ஜாக்கியிலேயே குறைந்தளவு காற்று ஏற்றிய பிறகுதான் இறக்க வேண்டும். ஸ்கேனர் கொண்டு உயரத்தை அளவுதிருத்தம் செய்வதும் வீல் அலைன்மென்ட்டும் வேலையில் சேர்ந்தவை என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் டெல்லி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய ஏர் ஸ்பிரிங் ஜோடியில் ஒன்று இரண்டே வாரத்தில் கசிகிறது. “பொருத்திய பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்” என்கிறார். நான் டெல்லிக்குப் போய் வழக்கு நடத்த முடியுமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: போக வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அதை விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்றே அந்தச் சட்டம் கூறுகிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, விற்பனையாளருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள்.

பொருத்தியதில்தான் தவறு என்று அவர் வாதிடுவார் என்பதால், பொருத்திய வொர்க்‌ஷாப்பின் பில்லும், சோப்பு நுரையில் கசிவு தெரியும் வீடியோவும், கழற்றிய ஸ்பிரிங்கும் அவசியம். ஸ்பிரிங்கை அவருக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையமே அதற்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்.