அமெரிக்க கவுண்டி கோர்ட் ரெக்கார்டுகளைத் தேடுவது எப்படி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடம் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவியாளராக, வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் கோர்ட் கிளர்க் கவுண்டரில் வரிசையில் நின்றே போனது. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் ரெக்கார்டு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதும் நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. ரெக்கார்டு எங்கே கிடக்கும், எப்படி எடுப்பது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி (ராலே பக்கத்திலிருந்து): அக்கா, இந்தியாவில் இ-கோர்ட்ஸ் தளம் ஒன்றிலேயே எல்லா மாவட்டமும் பார்க்கிறோமே, அமெரிக்கா முழுவதற்கும் அப்படி ஒன்று இருக்கிறதா?

இல்லை தம்பி. முதலில் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இங்கே மூவாயிரத்துக்கும் மேல் கவுண்டிகள், டெக்சாஸில் மட்டும் 254. லூசியானாவில் அதற்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ. கேஸ் எந்தக் கவுண்டியில் பதிவானதோ அங்கேதான் கோப்பு இருக்கும். ஆகவே பெயரைத் தட்டுவதற்கு முன்னால் "எந்த ஊர், அது எந்தக் கவுண்டி" என்று கண்டுபிடியுங்கள். ஒரே நகரம் இரண்டு மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடப்பது இங்கே சாதாரணம்.

சில மாநிலங்கள் எல்லாக் கவுண்டிகளையும் ஒரே தளத்தில் இலவசமாகக் கொடுக்கின்றன. விஸ்கான்சின் 1999-லேயே தொடங்கிவிட்டது. மேரிலாந்து, பென்சில்வேனியா, மிசௌரி, இண்டியானாவிலும் உண்டு. உங்கள் வட கரோலினாவில் புது போர்ட்டல் 2023-ல் வேக், ஹார்னெட், ஜான்ஸ்டன், லீ என்ற நான்கு கவுண்டிகளில் ஆரம்பித்தது, பிறகு மற்ற கவுண்டிகளும் அதில் சேர்ந்தன. கலிஃபோர்னியா இதற்கு நேர் எதிர்: 58 கவுண்டி, 58 சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனித் தளம். டெக்சாஸில் ரீசர்ச்-டிஎக்ஸ் என்ற மாநிலத் தளம் உண்டு, அதில் கணக்குத் திறக்க வேண்டும், ஆனால் எல்லாக் கேஸும் அதில் வந்துவிடாது.

கேள்வி (டல்லாஸ்): 2014-ல் மாணவனாக இருந்தபோது ஒரு டிராஃபிக் டிக்கெட். கட்டி முடித்துவிட்டேன். இப்போது சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்துக்கு வக்கீல் அந்த கேஸின் டிஸ்போசிஷன் (கேஸ் எப்படி முடிந்தது என்ற பதிவு) கேட்கிறார். கவுண்டி தளத்தில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. ரெக்கார்டு போயே போச்சா?

போயிருக்காது. நீங்கள் தப்பான கதவைத் தட்டுகிறீர்கள், அவ்வளவுதான். உங்களை நிறுத்தியது யார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். நகர போலீஸ் என்றால் அந்த நகரத்தின் முனிசிபல் கோர்ட். அது கவுண்டி தளத்தில் வரவே வராது. கவுண்டி போலீஸான ஷெரிஃப் ஆளோ, கான்ஸ்டபிளோ, ஹைவேயில் மாநில போலீஸான ட்ரூப்பரோ என்றால் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட், இங்கே ஜேபி கோர்ட் என்பார்கள். ஒரு கவுண்டிக்குள்ளேயே பல ஜேபி கோர்ட்டுகள் இருக்கும்.

மற்றவர்களுக்காக இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் கிளாஸ் ஏ, பி என்ற சிறு குற்றங்கள் கவுண்டி கோர்ட்டில், ஃெலனி என்ற பெரிய குற்றங்களும் விவாகரத்தும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில், எவிக்ஷனும் (வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றும் வழக்கு) 20,000 டாலர் வரையிலான பண வழக்கும் ஜேபியில். கவுண்டி கிளர்க் வேறு, டிஸ்ட்ரிக்ட் கிளர்க் வேறு. இரண்டும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த மாடியில் இருந்தாலும் ஒருவர் கோப்பு இன்னொருவரிடம் இருக்காது. ஒரு இடத்தில் "இல்லை" என்றால் "எங்களிடம் இல்லை" என்றுதான் அர்த்தம். உடனே "அப்படியானால் யாரிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். கிளர்க்குகள் இதற்கு நல்லபடியாகவே பதில் சொல்வார்கள்.

கோர்ட் கிடைத்ததும் "சர்டிஃபைட் டிஸ்போசிஷன்" (கோர்ட் சான்றளித்த நகல்) என்று அதே வார்த்தையில் கேளுங்கள். சாதா பிரிண்ட் அவுட் போதாது. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: முத்திரை இருக்கிறதா (அழுத்திய முத்திரையானால் கட்டை விரலால் தடவினால் மேடு தட்டும்), கிளர்க்கின் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா, உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறதா, கேஸ் எப்படி முடிந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா. ஒருமுறை நான் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். முடிந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் குடும்பத்தின் விண்ணப்பம் மூன்று வாரம் தள்ளிப்போனது, இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

சின்ன கேஸ்களின் கோப்பைச் சில வருடங்களில் அழித்துவிடுவதும் உண்டு. அப்படியானால் "தேடினோம், எங்களிடம் ரெக்கார்டு இல்லை" என்று சான்றளித்த கடிதம் வாங்குங்கள், சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தைப் பார்க்கும் இமிக்ரேஷன் துறையான யுஎஸ்சிஐஎஸ் அதைக் கேட்கும். கேஸை எக்ஸ்பஞ்ச் செய்துவிட்டோம் (கோர்ட் உத்தரவால் ரெக்கார்டிலிருந்து நீக்கிவிட்டோம்), சொல்ல வேண்டியதில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இமிக்ரேஷனுக்கு அதையும் சொல்லியாக வேண்டும், வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி (பலர் கேட்டது): கேஸ் நடந்தது நிச்சயம், கோர்ட்டும் சரி. ஆனாலும் என் பெயரைப் போட்டால் வரமாட்டேன் என்கிறது.

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர் தான். விசாவில் அது லாஸ்ட் நேம் ஆகிவிடுகிறது. போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்து எழுதும்போது எது முன்னால் எது பின்னால் என்று குழம்புகிறார். செந்தில்குமார் முருகேசன் என்பவர் கோர்ட்டில் "குமார், செந்தில் எம்" ஆகிவிடுவார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். ஒருவருடைய கேஸை இரண்டு நாள் தேடி, கடைசியில் எஃப்என்யு என்பதையே முதல் பெயராகப் போட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

அதனால் நான் செய்வது இது. இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். பிறகு அப்பா பெயரின் முதல் நான்கு எழுத்து மட்டும் போட்டு, தளம் அனுமதித்தால் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. இனிஷியலை விட்டுவிடுவேன். நீளமான பெயரை இரண்டாகப் பிரித்தும் பார்ப்பேன், செந்தில் தனி, குமார் தனி. அப்புறம் ஸ்பெல்லிங். சண்முகம் எஸ்-ல் தொடங்குமா எஸ்எச்-ல் தொடங்குமா, லட்சுமியில் எக்ஸ் உண்டா, எழிலின் ழகரத்துக்கு எல் போட்டார்களா இசட்எச் போட்டார்களா, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்கள் பழைய பெயரிலும் தேடுங்கள்.

கேஸ் நம்பர் கிடைத்துவிட்டால் இந்தப் பாடு எதுவும் இல்லை. பழைய டிக்கெட், அபராதம் கட்டிய ரசீது, வக்கீல் அனுப்பிய கடிதம் எதிலாவது இருக்கும். நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும். பென்சில்வேனியாவில் சிபி-51-சிஆர் என்று தொடங்கினால் சிபி என்பது காமன் ப்ளீஸ் கோர்ட், 51 என்பது ஃபிலடெல்ஃபியா கவுண்டி, சிஆர் என்றால் கிரிமினல். பிறகு வரிசை எண், கடைசியில் வருடம்.

கேள்வி (சான் ஹோசே): கேஸ் பெயரும் தேதிகளும் திரையில் வருகின்றன, ஆனால் ஆவணத்தைத் திறக்க முடியவில்லை. ரகசியமா?

ரகசியம் இல்லை, தூரத்திலிருந்து தரமாட்டார்கள், அவ்வளவே. கலிஃபோர்னியா கோர்ட் விதிகளின்படி பொதுவான சிவில் கோப்புகளை இணையத்தில் காட்டலாம். குடும்ப வழக்கு, கிரிமினல் கோப்புகளை கோர்ட்டுக்கு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும், அங்கே பொதுமக்களுக்கு கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. நகல் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றளிக்க 40 டாலர். கிளர்க் உங்களுக்காகப் பத்து நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் 15 டாலர். லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட் தளத்தில் கேஸ் நம்பர் போட்டால் இலவசம், பெயர் போட்டுத் தேடினால் கட்டணம்.

2021-ல் அங்கே ஒரு அப்பீல் கோர்ட் தீர்ப்பு வந்தது. கிரிமினல் கேஸ் பட்டியலைப் பிறந்த தேதி, லைசென்ஸ் எண் வைத்துத் தேட பொதுமக்களை அனுமதிக்கக் கூடாது என்று. அதனால் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிவது கஷ்டமாகிவிட்டது, பேக்கிரவுண்ட் செக்கும் தாமதமாகிறது. வேலை மாறும்போது கலிஃபோர்னியா முகவரி இருந்தால் சேருகிற தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): அம்மா, என் மகளுக்கு அமெரிக்க வரன். பையனுக்கு ஏற்கெனவே திருமணமாகி விவாகரத்து ஆனதாகப் பேச்சு அடிபடுகிறது. இங்கிருந்தே பார்க்க முடியுமா?

முடியும் ஐயா, ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எந்தெந்த ஊரில், எந்த வருடங்களில் இருந்தார் என்று முதலில் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸில் விவாகரத்து போட வேண்டுமானால் இருவரில் ஒருவர் மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுண்டியில் 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும். எனவே குடியிருந்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளர்க் தளம்தான் முதல் இடம். கவுண்டி தெரியாவிட்டால் மாநில சுகாதாரத் துறையிடம் 1968 முதலான விவாகரத்துகளுக்குச் சரிபார்ப்புக் கடிதம் கேட்கலாம்.

நியூயார்க் என்றால் கதை வேறு. அங்கே விவாகரத்துக் கோப்பை கணவன், மனைவி, அவர்களின் வக்கீல்கள் தவிர வேறு யாருக்கும் காட்டமாட்டார்கள். நூறு வருடத்துக்கு அந்தப் பூட்டு. இன்னொன்று, நியூயார்க்கில் "சுப்ரீம் கோர்ட்" என்று பார்த்து உச்ச நீதிமன்றம் வரை போனாரா என்று பயந்துவிடாதீர்கள். அங்கே கீழமை விசாரணை நீதிமன்றத்துக்கே அந்தப் பெயர்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. அதே மாதிரி, அதே பெயரில் ஒரு கேஸ் கிடைத்தால் அது இவர்தான் என்றும் ஆகாது. கார்த்திக் சுப்ரமணியன் என்ற பெயரில் ஒரு கவுண்டியிலேயே எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். அதனால் பையனிடமே நேராகக் கேளுங்கள்: "விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பின் சர்டிஃபைட் காப்பி ஒன்று தாருங்கள்." மறுமணப் பதிவு, விசா என்று போகும்போது அவருக்கும் அது தேவைப்படக்கூடிய காகிதம்தான். விவாகரத்து ஆனவர் என்பது குற்றமில்லை ஐயா. மறைத்தாரா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

கேள்வி (ஹூஸ்டன்): வாடகை தகராறில் எவிக்ஷன் கேஸ் போட்டு, பணம் கட்டியதும் தள்ளுபடி ஆகிவிட்டது. இப்போது எந்த அபார்ட்மெண்டும் தரவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. கேஸ் தள்ளுபடி ஆனாலும் "போடப்பட்டது" என்ற வரி ஜேபி கோர்ட் பட்டியலில் நிற்கிறது, வாடகைக்கு வருபவர்களைப் பற்றி விசாரித்துத் தரும் ஸ்கிரீனிங் கம்பெனி அதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறது. முதலில் டிஸ்மிஸல் உத்தரவின் சான்றளித்த நகல் எடுங்கள். அபார்ட்மெண்ட் மறுத்தால் எந்தக் கம்பெனியின் அறிக்கையை வைத்து மறுத்தார்கள் என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த அறிக்கையை வாங்கி, தப்பு இருந்தால் உத்தரவு நகலோடு அந்தக் கம்பெனியிடம் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடுங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்துத் திருத்த வேண்டும். கலிஃபோர்னியாவில் முதல் 60 நாளைக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால் ஒழிய எவிக்ஷன் கோப்பு வெளியே வராது. அந்த மாதிரிப் பாதுகாப்பு எல்லா மாநிலத்திலும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): கணவரிடமிருந்து விலகி வந்துவிட்டேன். பாதுகாப்பு உத்தரவுக்கு மனு போட்டால் என் புது முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடுமா?

தங்கச்சி, மனு எழுதும் முன்பே, முகவரியை ரகசியமாக வைக்க வேண்டும் என்று கிளர்க்கிடமோ குடும்ப வன்முறை உதவி மையத்திலோ சொல்லுங்கள். அதற்கென்று தனிப் படிவம் இருக்கும். பல மாநிலங்களில் முகவரி பாதுகாப்புத் திட்டம் உண்டு, கலிஃபோர்னியாவில் அதன் பெயர் சேஃப் அட் ஹோம். மாற்று அஞ்சல் முகவரி தருவார்கள், கோர்ட் காகிதத்தில் அதையே போடலாம். ஒருமுறை கோப்பில் ஏறிவிட்ட முகவரியைப் பிறகு எடுப்பது பெரும்பாடு, அதனால் முதல் காகிதத்திலிருந்தே கவனம்.

கேள்வி: 29 டாலர் கட்டினால் எல்லா ரெக்கார்டும் தருகிறோம் என்கிறார்களே?

கட்டாதீர்கள். கவுண்டியில் இலவசமாகக் கிடைப்பதைப் பழையதாக, பல நேரம் வேறொருவருடையதோடு கலந்து தருவார்கள். யுஎஸ்சிஐஎஸ் கேட்கிற சான்றளித்த நகல் கோர்ட்டிலிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா): வீட்டு வேலைக்கு முன்பணம் வாங்கிய கான்ட்ராக்டர் திவாலாகிவிட்டாராம். கவுண்டியில் காணோம்.

திவால் வழக்கு ஃபெடரல் (மத்திய அரசின்) கோர்ட்டில் மட்டும்தான். அந்தக் கோர்ட்டுகளின் பேசர் என்ற தளத்தில் பாருங்கள், பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் வசூலிக்கமாட்டார்கள். பணம் வர வேண்டியவர்கள் மனு கொடுக்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கலாம், இன்றே பாருங்கள்.

கேள்வி (எடிசன்): முதல்முறை கோர்ட்டுக்கு நேரில் போகப் போகிறேன். ஏன் கேட்கிறாய் என்று விசாரிப்பார்களா? பயமாக இருக்கிறது.

பயமே வேண்டாம். கோர்ட் ரெக்கார்டைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுவான உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1978-ல் நிக்சன் டேப்புகள் வழக்கில் சொல்லியிருக்கிறது. சீல் வைத்த கோப்பு, சிறுவர் வழக்கு, தத்தெடுப்பு மாதிரி சிலவற்றைத் தவிர மற்றதற்குப் பொதுவாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஏர்போர்ட் மாதிரி சோதனை இருக்கும், சாவிக்கொத்தில் சின்னக் கத்தி இருந்தால் காரிலேயே வைத்துவிடுங்கள், சில கோர்ட்டில் போனையும் விடமாட்டார்கள், அதனால் கேஸ் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலையில் திறந்ததும் போனால் கூட்டம் குறைவு. பழைய கோப்பு வெளிக் கிடங்கில் இருந்தால் வரவழைக்கச் சில நாள் ஆகும், அதனால் முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் கிளர்க் சொல்லமாட்டார், அது சட்ட ஆலோசனை ஆகிவிடும். "இந்த நம்பர் கோப்பைப் பார்க்க வேண்டும், டாக்கெட் ஷீட்டிலிருந்து தொடங்குகிறேன்" (கேஸில் நடந்தவற்றின் பட்டியல் அது) என்று சொல்லுங்கள், எடுத்துக் கொடுத்துவிடுவார். போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.