தோட்டத்தின் ருசியா, பீப்பாயின் ருசியா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஓரிகனில் ஹில்ஸ்பரோவில் வசிக்கிறேன். வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஐந்து வருடங்களுக்கு முன் தொடங்கிய ஒரு சிறிய ஒயினரிக்கு (ஒயின் தயாரிக்கும் இடம்) நண்பர்களுடன் போயிருந்தேன். அவர்களுக்குச் சொந்தத் திராட்சைத் தோட்டம் கிடையாது, பழம் வாங்கித்தான் செய்கிறார்கள். டண்டீ ஹில்ஸ், யாம்ஹில்-கார்ல்டன், இயோலா-அமிட்டி ஹில்ஸ் ஆகிய மூன்று பகுதிகளின் தோட்டங்களிலிருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, 2022 அறுவடையின் பினோ நுவார் (கறுப்புத் திராட்சை வகை ஒன்றின் சிவப்பு ஒயின்) ஊற்றினார்கள். முதலில் செர்ரி, அடுத்ததில் கறுப்பு பெர்ரி, மூன்றாவதில் உப்பும் கல்லும் என்று ஊற்றியவர் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படியே தெரிந்தது. அவர் சொன்னதால் தெரிந்ததா, உண்மையிலேயே இருந்ததா? மூன்றிலும் ஒரு புட்டி வாங்கி வந்தேன். வீட்டில் எப்படிச் சோதிப்பது? அவர்களுடைய கிளப்பில் சேர்ந்து ஆண்டுக்கு 12 புட்டி வாங்கலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

மூன்றும் வேறுவேறாக இருந்திருக்கலாம். அந்த வேறுபாட்டைத் தோட்டத்தின் கணக்கில் எழுதலாமா என்பதுதான் சிக்கல்.

முதலில் மண். டண்டீ ஹில்ஸில் இருப்பது ஜோரி என்ற எரிமலைச் செம்மண். களிமண் அதிகம், தண்ணீரைப் பிடித்து வைக்கும். யாம்ஹில்-கார்ல்டனில் பெரும்பாலும் பழைய கடலடிப் படிவு, வில்லகென்ஸி வகை மண். நீர் சீக்கிரம் வடிந்துவிடும், கோடை முடிவில் கொடி தாகத்தில் நிற்கும், பழம் சீக்கிரம் கனியும். இயோலா-அமிட்டியில் மண்ணைவிடக் காற்றுக்குத்தான் செல்வாக்கு. வான் டூசர் என்ற மலை இடைவெளி வழியாக மாலையில் கடல்காற்று ஏறி இரவைக் குளிர்விக்கிறது, புளிப்பு நிற்கிறது. மண்ணும் காற்றும் இப்படி நீர், வெப்பம் வழியாகத்தான் ருசிக்கு வருகின்றன. பாறையின் தாது நேராகக் கோப்பைக்கு ஏறி வருவதில்லை. ஒயினில் இருக்கும் தாதுக்களின் அளவு நாக்குக்கு எட்டாதது. உங்களுக்கு ஊற்றியவர் ‘கல்’ என்றது பெரும்பாலும் உயர்ந்த புளிப்பும் குறைந்த பழவாசமும் சேர்ந்த உணர்வு. சில சமயம் அது தீக்குச்சி உரசிய வாசம் போன்ற கந்தகச் சேர்மமாகவும் இருக்கும், அது தோட்டத்துடையது அல்ல, ஒயினைச் செய்து பக்குவப்படுத்தும் பாதாள அறையுடையது.

இனி ஒயினரியின் கை. சொந்தத் தோட்டமில்லாத இளம் ஒயினரிக்கு ஒவ்வொரு தோட்டக்காரரும் தருவது ஒரு பகுதிதான். அங்கே எந்த குளோன் (ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டி வளர்த்த பினோ நுவார் உள்வகை) நட்டிருக்கிறது என்பது இவர்கள் தேர்வு அல்ல. ஒன்று முழுக்க பொம்மார்ட், இன்னொன்று முழுக்க டிஷான் 777 என்றால் நீங்கள் ருசிப்பது தோட்டத்தையா குளோனையா? அறுவடை நாள் ஒரு வாரம் தள்ளினாலே செர்ரி கறுப்பு பெர்ரியாகிவிடும். ஒன்றைக் காம்போடு நொதிக்கவைத்து, ஒன்றைக் காம்பு நீக்கி, ஒன்றுக்குப் புதிய ஓக் பீப்பாய் 20 சதவீதமும் இன்னொன்றுக்கு 40 சதவீதமும் கொடுத்தால் தோட்டம் பின்னால் போய்விடும். போதாக்குறைக்கு 2022 ஏப்ரல் நடுவில் உறைபனி பள்ளத்தாக்கின் பல தோட்டங்களில் மொட்டுகளைக் கருக்கியது. இரண்டாம் மொட்டில் காய்த்த பழம் பின்தங்கிக் கனியும். ஒரே தோட்டத்துக்குள்ளேயே இரண்டு கனிவு இருந்திருக்கலாம்.

லேபிளில் தோட்டப் பெயர் போட அமெரிக்கச் சட்டப்படி 95 சதவீதம் அந்தத் தோட்டத்துப் பழம் வேண்டும், அது நம்பகமான விஷயம். ஆல்கஹால் எண்ணை அப்படி நம்பாதீர்கள். 14 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் ஒன்றரை புள்ளி வரை விலகலாம், 14-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 13.5 என்று அச்சிட்டது 12.5 ஆகவும் இருக்கலாம்.

சோதனைக்கு ஆறு நண்பர்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஊற்றுபவர், ருசிப்பவர் அல்ல. புட்டிகளை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். 30-40 நிமிடம் ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் வைத்து 14-16 டிகிரி செல்சியஸில் எடுங்கள். ஒன்று மட்டும் இரண்டு டிகிரி சூடாக இருந்தாலே அது ‘காரமான தோட்டம்’ ஆகிவிடும். கோப்பைகள் ஒரே வடிவம். அன்று தாளிப்பு, ஊதுபத்தி, கற்பூரம், சென்ட் எதுவும் வேண்டாம். மிளகாய் சாப்பிட்ட வாயில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு தடிக்கும். வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும், துப்புவதற்கு ஒரு குவளை.

திறந்ததும் நீங்கள் ஒவ்வொன்றையும் முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் இருந்தால் அது கார்க் கெட்டது, அந்தப் புட்டி ஆட்டத்தில் இல்லை. லேசான கார்க் கேட்டைத்தான் கண்டுபிடிப்பது கடினம். வாசம் வராது, பழம் மட்டும் மங்கும். அதைத்தான் பலர் ‘அடக்கமான தோட்டம்’ என்று பாராட்டிவிடுகிறார்கள்.

இரண்டு ஒயின்களை எடுத்து முக்கோணச் சோதனை நடத்துங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கோப்பை, 30 மி.லி. வீதம், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. தனித்திருப்பது எது என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேருக்கு முதல் ஒயின் இரட்டையாகவும், மூன்று பேருக்கு இரண்டாவது இரட்டையாகவும் வரட்டும். அப்போது ஒரு புட்டியில் 270 மி.லி.தான் செலவாகும். கோப்பைகளுக்கு 1, 2, 3 போடாமல் 417, 862 மாதிரி எண் போடுங்கள், முதலாவதற்கு நாக்கு சலுகை கொடுக்கும். வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். குருட்டாம்போக்கில் ஆறு பேரில் ஐந்து பேராவது சரியாகச் சொல்ல வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழ். நான்கு பேர் மட்டும் சொன்னால் எதையும் முடிவு செய்ய முடியாது.

வேறுபாடு உறுதியானால் மட்டும் வருணனைக்குப் போகலாம். எல்லோரும் வாயைத் திறக்காமல் எழுதி முடித்த பிறகே பேச வேண்டும். அப்போது அதே ஒயினரியின் சாதாரண ‘வில்லாமெட் வேலி’ கலவையையும் பெயர் சொல்லாமல் நடுவில் நுழைத்துவிடுங்கள். தனித்தோட்டத்தில் சேர்க்காத பீப்பாய்கள் அதில்தான் போகும், அதனால் அது மட்டம் என்று பொருள் இல்லை. கலவையில் ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கும். விலை குறைந்த அந்தப் புட்டிதான் அதிகம் ஓட்டு வாங்கினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மிச்சத்தைச் சிறு புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மறுபடி பாருங்கள். பீப்பாயை மட்டும் நம்பிய ஒயின் என்றால், ஓக்கின் வெனிலா வாசம் மேலே மிதந்து, அடியில் ஒன்றும் இல்லாதது தெரிந்துவிடும்.

கிளப் விஷயம். மூன்று தோட்டங்களின் அறுவடைத் தேதி, குளோன், காம்பு சதவீதம், புதிய ஓக் சதவீதம் ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் கேளுங்கள். நல்ல ஒயினரிகள் இதை ஒளிப்பதில்லை. மூன்றுக்கும் பாதாள அறையில் ஒரே கவனிப்பு என்று வந்தால் அவர்கள் தோட்டத்தைப் பேசவிடுகிறார்கள், சேரலாம். மூன்று விதக் கவனிப்பு என்றால் பிடித்ததை மட்டும் புட்டியாக வாங்குங்கள். பழம் தரும் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்றும் கேட்டுவிடுங்கள். அடுத்த வருடம் அந்தத் தோட்டம் வேறொருவருக்குப் போய்விட்டால், உங்கள் 12 புட்டியில் வருவது வேறு பெயராக இருக்கும்.