விறகு காய ஒரு கோடை வேண்டும்

தம்பி, "வாங்கிய விறகு பிடிக்கவே மாட்டேன் என்கிறது, வீடெல்லாம் புகை, பிளக்கவும் வரவில்லை, முதல் குளிர்காலத்தை எப்படித் தள்ளுவது?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இது பதினெட்டாவது குளிர்காலம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் விறகு ஈரம். அடுப்பையும் உங்களையும் நொந்துகொள்ள வேண்டாம்.

என் முதல் வருடம் "நன்றாகக் காய்ந்தது" என்ற ஒரு வாய்ச்சொல்லை நம்பி ஒரு லோடு இறக்கினேன். அடுப்பில் வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கட்டையின் இரண்டு முனையிலும் நுரை கட்டிக் கொதிக்கிறது, உஸ்ஸென்று சத்தம். கதவுக் கண்ணாடி இரண்டே நாளில் தார் பூசினதுபோல் கறுத்துவிட்டது. கட்டை கட்டையாகப் போட்டும் அறை சூடேறவில்லை. மகளை இரண்டு ஸ்வெட்டரோடு தூங்க வைத்த அந்த வாரத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு. அப்படிக் காய்ந்த ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. ஈர விறகில் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அதைவிட மோசம், குளிர்ந்த புகை புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். கிரியோசோட் என்பார்கள். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் வீடே போகும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது ஆள் வைத்துப் புகைபோக்கியைத் துடைத்தே ஆக வேண்டும்.

ஈரமானி ஒன்று வாங்குங்கள், இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி. வெளிப்பக்கம் குத்தினால் ஏமாற்றும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பக்கத்தில் குத்துங்கள். கருவி இல்லாவிட்டால் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்'கென்று கணீரென ஒலிக்கும், ஈரம் 'தொப்'பென்று விழும். இந்தக் குளிருக்குச் சூளையில் உலர்த்திய விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சமாளியுங்கள். உங்களிடம் இருக்கும் ஈர விறகைப் பிளந்து அடுத்த வருடத்துக்கு அடுக்கிவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்போடு ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

இனிப் பிளப்பது. மரம் வெட்டும் கோடாலிக்கு வாய் மெல்லிசு. அது உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும், இழுத்தே கை ஓய்ந்துவிடும். பிளப்பதற்கென்று ஆப்பு மாதிரித் தலை தடித்த கோடாலி, 3 கிலோ சுமாரில், தனியாக விற்கிறார்கள். முழங்கால் உயரத்துக்கு அகலமான அடிக்கட்டை ஒன்று வேண்டும். தூக்குவதற்கு முன் கட்டையின் முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடும். அந்தக் கோட்டிலேயே இறக்குங்கள். கணு எங்கே இருக்கிறதோ அதை விட்டு விலகி அடியுங்கள். பெரிய உருண்டையை நடுவில் அடித்து மல்லுக்கட்ட வேண்டாம். ஓரத்திலிருந்து சீவிச் சீவி உள்ளே வாருங்கள். காலை அகட்டி நின்று, கோடாலி இறங்கும்போது முழங்காலை மடக்குங்கள். அப்போதுதான் தவறினாலும் வெட்டு தரையில் விழும், காலில் விழாது. கனத்த பூட்சும் கண்ணாடியும் இல்லாமல் கோடாலியைத் தொடவே கூடாது. இன்னொன்று, கடும் குளிரில் உறைந்த ஈரக் கட்டை ஒரே அடியில் வெடித்துத் திறக்கும். வெளியே போகவே மனம் வராத அந்த நாள்தான் பிளக்க நல்ல நாள்!

பிர்ச் மரம் கிடைத்தால் உடனே பிளந்துவிடுங்கள். அதன் வெள்ளைப் பட்டை ஈரத்தை வெளியே விடாது, முழுசாகக் கிடந்தால் உள்ளேயே மக்கிவிடும். பைன், ஸ்ப்ரூஸ் எல்லாம் மெல்லிசாகப் பிளந்தால் ஒரு கோடையில் காய்ந்துவிடும். ஓக் இரண்டு வருடமாவது கேட்கும்.

அடுக்குவதை நான் வீட்டுச் சுவரோடு ஒட்டிச் செய்து, மேலிருந்து கீழ்வரை தார்ப்பாயால் போர்த்தினேன். வசந்தத்தில் திறந்தபோது பூஞ்சணம். விறகைக் காய வைப்பது காற்று, வெயில் அதற்கு உதவி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகைச் சட்டம் வைத்து, சுவருக்கும் விறகுக்கும் கை போகிற அளவு இடைவெளி விட்டு, ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். இரண்டு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் சரியாது. மூடுவது தலையை மட்டும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளம் இல்லாத இடத்தில் வையுங்கள். உள்ளே தணல் சில நாள்கூட உயிரோடு இருக்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வீட்டில் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். விறகுக்கு முன்னால் அதுதான்.

உங்கள் அடுப்பின் உள்நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள், கட்டையை எந்த நீளத்துக்கு அறுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.