காய்கறி விவசாயிங்க இயற்கை விவசாயத்துக்கு மாற ஏன் தயங்குறாங்க?

எங்க ஊர் பாலக்கோடு பக்கம், அப்பா இருவது வருஷமா தக்காளி தான். நான் ஓசூர்ல கம்பெனி வேலை, லீவுக்கு போறப்பல்லாம் இதே கேள்விய அவர்கிட்ட கேட்டு நல்லா வாங்கி கட்டிக்கிட்டவன்.

நம்பிக்கை இல்லன்னு நினைக்காதீங்க. கிணத்து மேட்டுல நாலு பாத்தி கத்திரி, மிளகா, கீரை போட்டிருக்கோம், அதுல ஒரு சொட்டு மருந்து படாது, ஏன்னா அது வீட்டுக்கு. மண்டிக்கு போற ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டு தடவ ஸ்பிரேயர் தோள்ல ஏறும். சொல்ல எனக்கே கூச்சமாதான் இருக்கு.

விஷயம் கடன்ல இருக்குங்க. இலைய கிள்ளிட்டு போய் மருந்து கடைல காட்டினா போதும், அவரே பாட்டில எடுத்து குடுப்பாரு, காசு காய் பறிச்சதுக்கப்புறம் தந்தா போதும். ஜீவாமிர்தம்னா (இயற்கை விவசாயத்துல மண்ணுக்கு விடுற கரைசல்) 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு எல்லாம் 200 லிட்டர் டிரம்ல போட்டு தினம் கலக்கி விடணும், அந்த ஆள் கூலிய யாரு கடனா குடுப்பா? மாடும் நாலு இருந்தது, இப்ப ஒண்ணு தான்.

நான் அடம் புடிச்சதால ஒரு வருஷம் அரை ஏக்கர் விட்டாரு. மஞ்சள் ஒட்டுப்பொறி வச்சோம், வேப்பங்கொட்டை 5 கிலோவ இடிச்சு ஊற வச்சு 100 லிட்டருக்கு கலந்து அடிச்சோம், ஓரத்துல செண்டுமல்லி நட்டோம் (காய்ப்புழு அந்துப்பூச்சி அதுல போய் முட்டை வைக்கும்). காய்ப்புழு அடங்கிச்சு, ஆனா ஊசிப்புழு (இலையையும் காயையும் துளைக்கிற இன்னொரு சின்னப் புழு) விடல. மண்டில 25 கிலோ பெட்டி அத்தனையும் ரெண்டாம் தரம்னு ஒதுக்கிட்டாங்க. "மருந்தே அடிக்காதது அண்ணா"ன்னேன், "தக்காளி மேல எழுதியா இருக்கு தம்பி"ன்னாரு வியாபாரி. அவர் கேட்டதுலயும் தப்பில்ல. இயற்கை விளைச்சல்னு சர்டிபிகேட் வாங்கணும்னா காய்கறி மாதிரி பயிருக்கு 2 வருஷம் மாறுற காலம், அதுவரைக்கும் இதே மண்டி, இதே ரேட்டு. ரேட்டு கிலோ அஞ்சு ரூபாய்க்கு விழுந்தா பறிப்பு கூலிக்கே பத்தாது, அப்ப இயற்கையாவது ஒண்ணாவது.

அடுத்த வருஷம் அப்பா பழையபடி மருந்துக்கே போயிட்டாரு. செண்டுமல்லிய மட்டும் விடல, ஆயுத பூஜைக்கு பூ நல்ல ரேட்டுக்கு போச்சாம்.