எதிரே ஊசி பாதி விலை: கிளினிக்கை விற்றுவிடலாமா?

கேள்வி: நான் கால்நடை மருத்துவர். நாய், பூனைகளுக்கான கிளினிக் ஒன்றைப் பதினாறு ஆண்டுகளாகச் சொந்தமாக நடத்துகிறேன். சென்ற ஆண்டு, நடந்து போகிற தூரத்தில் ஒரு பெரிய குழுமம் கிளை திறந்தது. தடுப்பூசிக்கு என் கட்டணத்தில் பாதிதான் வாங்குகிறார்கள். ஸ்கேன் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். இப்போது என் கிளினிக்கையே விலைக்குக் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். நானும் விலையைக் குறைப்பதா, கடன் வாங்கி ஸ்கேன் இயந்திரம் போடுவதா, விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பதா? எனக்கு வயது 51.

பதில்: டாக்டர், மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். விலைக்குறைப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; அது வெறும் கூட்டல் கழித்தல்தான்.

ஒரு தடுப்பூசிக்கு 100 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கும் சிரிஞ்சுக்கும் போகும் செலவு 40. கையில் நிற்பது 60. விலையை 70 ஆக்கினால் கையில் நிற்பது 30. அதாவது, விலையில் முப்பது சதவீதம் குறைத்தால், பழைய வருமானத்தைத் தொடுவதற்கே இரண்டு மடங்கு ஊசி போட வேண்டும். ஊசி மலிவாகிவிட்டது என்பதற்காக யாரும் இன்னொரு நாய் வளர்ப்பதில்லை. ஆகவே கூடுதல் கூட்டம் எதிர்க் கிளையிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் இழுத்தால் அவர்கள் இன்னும் குறைப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பல கிளைகளின் வருமானம் நிற்கிறது. உங்களுக்குப் பின்னால் உங்கள் வீட்டுச் சேமிப்பு நிற்கிறது. அப்படியே கூட்டம் வந்தாலும், இரட்டிப்பு ஊசி போட உங்களுக்கு நாளில் மணி நேரம் எங்கே இருக்கிறது?

அவர்கள் ஏன் தடுப்பூசியை மட்டும் மலிவாக்கினார்கள் என்று யோசித்தீர்களா? நாய் வளர்ப்பவர் தொலைபேசியில் விசாரித்து ஒப்பிடக்கூடிய விலைகள் இரண்டு மூன்றுதான். தடுப்பூசி, கருத்தடை அறுவை, ஆலோசனைக் கட்டணம், அவ்வளவே. வாந்தி எடுக்கும் பூனைக்கு எந்தெந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்பதை அவரால் முன்கூட்டியும் அறிய முடியாது, முடிந்த பிறகும் அறிய முடியாது. பூனை பிழைத்தாலும் சிகிச்சையால் பிழைத்ததா, தானாகவே தேறியதா என்று அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்டவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் என்று பொருளாதாரத்தில் 1970களிலிருந்து சொல்லி வருகிறார்கள். என்ன தேவை என்று சொல்பவரும் அதை விற்பவரும் ஒரே ஆள். இந்தச் சந்தையில் கடைகள் பெருகினால் விலை குறையும் என்ற சாதாரண விதி முழுதாக வேலை செய்வதில்லை. தெரிகிற விலை குறையும். தெரியாத பில் வேறெங்கோ ஏறும்.

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 2013இல் கால்நடைக் கிளினிக்குகளில் சுமார் 10 சதவீதம்தான் பெரிய குழுமங்களிடம் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது. 2016க்கும் 2023க்கும் இடையில் கட்டணங்கள் சராசரியாக 63 சதவீதம் ஏறின என்று அந்நாட்டின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் கணக்கிட்டது. 2025 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவில், குழுமக் கிளினிக்குகளின் கட்டணம் மருத்துவர்கள் சொந்தமாக நடத்தும் கிளினிக்குகளைவிடச் சராசரியாக 16.6 சதவீதம் அதிகம் என்றும் சொன்னது. வாங்கிய பல கிளினிக்குகளில் பழைய பெயர்ப்பலகையைக் குழுமங்கள் மாற்றவே இல்லை. பலகையில் இருக்கும் பெயருக்கு அத்தனை மதிப்பு. உங்களிடம் ஆள் அனுப்புவதும் அதற்காகத்தான். உங்கள் மேசை நாற்காலிக்காக யாரும் வரவில்லை.

ஆகவே தடுப்பூசி விலையை அப்படியே விடுங்கள். அதற்குப் பதில், மற்றவர்கள் மறைக்கிற விலைகளை நீங்கள் சுவரில் எழுதிப் போடுங்கள்: பல் சுத்தம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, இரவு நேரக் கட்டணம். பெரிய சிகிச்சை என்றால் தொடங்கும் முன்பே எழுத்தில் மதிப்பீடு கொடுங்கள். மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்து, வேண்டுமானால் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். மருந்து லாபத்தில் கொஞ்சம் போகும். அந்த லாபத்தை வைத்துத்தான் ஆலோசனைக் கட்டணத்தை இத்தனை நாள் தாழ்வாக வைத்திருந்தீர்கள் என்றால், ஆலோசனைக் கட்டணத்தை அதன் உண்மையான அளவுக்கு உயர்த்துங்கள். அரை மணி நேரம் நாயைத் தடவிப் பார்த்து யோசிப்பதற்குத் தனிக் கூலி கேட்க மருத்துவர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள். மாத்திரை டப்பாவில் ஒளித்து வாங்கும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை.

இனி விற்பனை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் தங்கள் கணக்கிலேயே. ஆண்டு வருமானம் 100, செலவு 70, மிச்சம் 30 என்றால் லாபம் 30 என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் இடத்தில் இன்னொரு மருத்துவரை வைத்தால் அவருக்கு 18 சம்பளம் தர வேண்டியிருக்கும் என்றால், அந்த 18 உங்கள் உழைப்பின் கூலி. கிளினிக்கின் லாபம் 12தான். வாங்க வருபவர் இந்த 12ஐத்தான் ஏதோ ஒரு மடங்கால் பெருக்கி விலை சொல்வார். ஆறு மடங்கு என்றால் 72. இப்போது உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: விற்ற பிறகும் அங்கேயே சம்பளத்துக்கு வேலை செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்; அப்போது ஆண்டுக்கு 12ஐ விட்டுக்கொடுத்து 72ஐ வாங்குகிறீர்கள். வரிக்கு முன் ஆறு ஆண்டுகளில் கணக்குச் சமம். 57 வயதுக்குப் பிறகும் கிளினிக்கை நடத்த உடம்பும் மனமும் இருக்கிறதா என்பதே நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. கிளினிக்கில் பங்காளியாக வரக்கூடிய இளம் மருத்துவர் யாராவது இருந்தால், அவருக்குத் தவணையில் விற்கும் வழியையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

ஆறு மடங்கு தரும் குழுமம் நட்டத்துக்கு வாங்குவதில்லை. சிறு கிளினிக்குகளைக் குறைந்த மடங்குக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்து, மொத்தமாக ஒரே நிறுவனமாக்கினால், முதலீட்டுச் சந்தையில் அதே லாபத்துக்கு உயர்ந்த மடங்கு கிடைக்கும். மேலும், சாக்லேட்டுக்குப் பெயர்போன மார்ஸ் போன்ற குழுமத்திடம் செல்லப்பிராணி உணவும் இருக்கிறது, 2017இல் வாங்கிய விசிஏ என்ற கால்நடை மருத்துவமனைகளும் இருக்கின்றன, பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. ஒரே நாயிடமிருந்து பல வாசல்களில் வருமானம். ஆகவே முதல் விலைக்குத் தலையாட்டாதீர்கள். இன்னொரு வாங்குபவரிடமும் விலை கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் அஞ்சும் பகுதி ஒன்று உண்டு. மொத்தப் பணத்தையும் கையில் தராமல், ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் கழித்து, வருமான இலக்கை எட்டினால் தருவதாக எழுதுவார்கள். அந்த நேரத்தில் கட்டணம் நிர்ணயிப்பதும் ஆள் எடுப்பதும் அவர்கள் கையில் இருக்கும். இலக்கு மட்டும் உங்கள் தலையில் இருக்கும். பதினாறு ஆண்டுகளாக உங்களை நம்பி வருபவரிடம் தேவையில்லாத பரிசோதனையைச் சொல்லவைக்கும் அழுத்தம் அதிலிருந்துதான் வரும். மொத்த விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நிச்சயமான பணத்தைக் கேளுங்கள். விற்ற பிறகு எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தூரத்துக்குள் நீங்கள் தொழில் செய்யக்கூடாது என்ற விதியை உங்கள் வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

ஸ்கேன் இயந்திரத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. மாதத் தவணை, பராமரிப்பு, இயக்குபவர் சம்பளம் மூன்றையும் கூட்டி, ஒரு ஸ்கேனில் நிற்கும் தொகையால் வகுங்கள். கடந்த ஆண்டு நீங்கள் உண்மையிலேயே வெளியே அனுப்பிய நோயாளிகளின் எண்ணிக்கை மாதவாரியாக உங்கள் பதிவேட்டில் இருக்கும். வகுத்து வந்த எண் அதைவிடப் பெரிதாக இருந்தால், இயந்திரம் வாங்கிய மறுநாளிலிருந்து அதற்குத் தீனி போட நோயாளிகளைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். அப்படியானால், தேவைப்படும் நாயை எதிர்க் கிளைக்கே ஒரு கடிதத்தோடு அனுப்பிவையுங்கள். முடிவு வந்ததும் என்னிடம் திரும்பி வாருங்கள் என்று அந்தக் கடிதத்தை வாங்குபவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலானோர் திரும்பி வருவார்கள் என்றே நினைக்கிறேன்.